வெள்ளிப் புல்லாங்குழல் மரப் பிரிவில் ஏன்? – வாசகர் கேள்வி பதில்

மேற்கத்தியச் செவ்வியல் ஆர்கெஸ்ட்ராவின் கருவிகள் தந்தி, மரக்காற்று, பித்தளை, தாளம் என நான்கு பிரிவுகளாக அமர்கின்றன என்று சென்ற இதழில் ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தோம். அந்தப் பத்தி இத்தனை பேரை யோசிக்க வைக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. வந்த கடிதங்களில் பல, “பிரித்தது பொருந்தவில்லையே” என்று ஏதேனும் ஒரு கருவியைச் சுட்டிக்காட்டிக் கேட்டவை. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: ஃப்ளூட் வெள்ளியால் செய்யப்படுகிறது. சாக்சஃபோன் முழுக்கப் பித்தளை. இவ்விரண்டையும் ‘மரக்காற்றுக் கருவிகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இது மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழையா?

பதில்: பிழை மொழிபெயர்ப்பில் இல்லை. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் எதில் பார்த்தாலும் இந்தப் பிரிவின் பெயரில் ‘மரம்’ என்ற சொல்தான் இருக்கிறது. அந்தப் பெயர் வழக்குக்கு வந்த காலத்தில் இந்தக் கருவிகள் உண்மையாகவே மரத்தால் கடையப்பட்டவை. கருவிகள் பின்னர் மாறின, பெயர் மாறவில்லை.

புல்லாங்குழலை மாற்றியவர் மியூனிக் நகரைச் சேர்ந்த தியோபால்ட் போம். அவரே வாசிப்பாளர், அவரே கருவி செய்பவர். விரலுக்கு எட்டும் இடத்தில் துளையிடுவது என்ற பழைய முறையை விட்டு, சுருதிக்குச் சரியான இடத்தில் துளையிட்டு, விரல் எட்டாத தொலைவைச் சாவிகளாலும் நெம்புகோல்களாலும் ஈடுகட்டும் அமைப்பை அவர் 1832இல் உருவாக்கினார். 1847இல் குழலின் உட்புறத்தை நேர் உருளையாக்கி, உடலை உலோகத்தால் செய்தார். இன்று வாசிக்கப்படும் ஃப்ளூட் பெரும்பாலும் அந்த 1847ஆம் ஆண்டுக் கருவிதான்.

அப்படியானால் இந்தப் பிரிவைச் சேர்த்துக் கட்டுவது எது? ஒலி பிறக்கும் முறை என்பதே வழக்கமான விடை. அது பெருமளவுக்குச் சரியும்கூட. ஃப்ளூட்டில் வாசிப்பவரின் மூச்சு ஒரு கூரிய விளிம்பில் மோதிப் பிளந்து அதிர்கிறது. கிளாரினெட்டில் வாய்முனையோடு கட்டப்பட்ட ஒற்றை நாணல் தகடு அதிர்கிறது. ஓபோவிலும் பசூனிலும் இரண்டு நாணல் இதழ்கள் ஒன்றையொன்று தொட்டு விலகி அதிர்கின்றன; நம் மொழியில் சீவாளி என்ற அருமையான சொல் இதற்கு இருக்கிறது. பித்தளைப் பிரிவிலோ, கிண்ணம் போன்ற அல்லது புனல் போன்ற வாய்முனைக்குள் வாசிப்பவரின் உதடுகளே அதிர்கின்றன. உதடு அதிர்ந்தால் பித்தளைக் குடும்பம், மற்றபடி மரக்காற்றுக் குடும்பம் என்று கொண்டால் சாக்சஃபோனின் சிக்கல் தீர்ந்துவிடும். அடால்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியர் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற அந்தக் கருவி, பித்தளை உடலில் கிளாரினெட்டைப் போன்ற ஒற்றை நாணல் தகட்டைப் பொருத்தியது. இதற்கு நேர் எதிரான சான்றும் உண்டு. ‘சர்ப்பம்’ என்று பொருள்படும் பெயருடைய, பாம்பைப் போல வளைந்த ஒரு பழைய ஐரோப்பியக் கருவி, மரத்தால் செய்யப்பட்டுத் தோலால் போர்த்தப்பட்டது. ஆனால் அதை உதடுகளை அதிரவைத்தே ஊத வேண்டும் என்பதால் அது பித்தளைக் குடும்பத்தின் உறவாகவே கருதப்படுகிறது.

உலோகம் ஒலியை எவ்வளவு மாற்றுகிறது என்ற விவாதம் வாசிப்பாளர்களிடையே ஓய்ந்தபாடில்லை. ஜான் கோல்ட்மன் என்ற இயற்பியலாளர் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் உள்ளளவு மாறாத குழல்களைச் செய்து, எது எதுவென்று பார்க்க இயலாதபடி வாசிக்கச் செய்த சோதனையை 1971இல் வெளியிட்டார். கேட்டவர்களால் பொருளை வேறுபடுத்திச் சொல்ல முடியவில்லை. தங்கக் குழல் வாங்கியவர்கள் இதை ஏற்றுக்கொள்வார்கள் என்று நாம் எதிர்பார்க்கத் தேவையில்லை.

ஒரு குறிப்பை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் கீழே வரும் பல விடைகள் அதைச் சார்ந்தவை. ஆர்கெஸ்ட்ராவின் பிரிவு என்பது இயற்பியல் வகைப்பாடு மட்டும் அன்று. யார் யாருடைய சுருதியைக் கேட்டுச் சேர்கிறார், யார் எந்தக் கருவியை மாற்றி எடுத்து வாசிக்கிறார், யார் பக்கத்தில் யார் அமர்கிறார் என்ற வேலைப் பங்கீடும் ஆகும். இரண்டும் பொதுவாக ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடங்களில்தான் உங்கள் கடிதங்கள் வந்து நிற்கின்றன.

கேள்வி: ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவில் எந்தக் கருவி எத்தனை இருக்கும்?

பதில்: வாசிக்கப்படும் படைப்பைப் பொறுத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த பெரிய சிம்பொனி ஒன்றுக்கு முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வியோலா 12, செல்லோ 10, டபுள் பேஸ் 8 என்று தந்திப் பிரிவில் மட்டும் 60 பேர் அமர்வது வழக்கம். மரக்காற்றில் ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பசூன் ஒவ்வொன்றும் இரண்டு அல்லது மூன்று. மூன்றாமவர் பல நேரங்களில் அந்தக் குடும்பத்தின் சிறிய அல்லது பெரிய உறவினரைக் கையிலெடுப்பார்: ஃப்ளூட்காரர் பிக்கலோவை, ஓபோகாரர் கார் ஆங்கிலேயை, கிளாரினெட்காரர் பேஸ் கிளாரினெட்டை, பசூன்காரர் காண்ட்ராபசூனை. பித்தளையில் ஹார்ன் நான்கு, டிரம்பெட் இரண்டு அல்லது மூன்று, டிராம்போன் மூன்று, டியூபா ஒன்று. தாளப் பிரிவில் சுருதி கூட்டப்படும் பெரிய முரசுகளான டிம்பனிக்கென்றே ஒருவரும், மற்றவற்றுக்குத் தேவைக்கேற்பச் சிலரும். மொசார்ட் காலத்துச் சிம்பொனி என்றால் இந்தக் கூட்டத்தில் பாதிக்கும் குறைவானவர்களே போதும். டியூபா அப்போது பிறக்கவே இல்லை.

கிளாரினெட்டும் தாமதமாக வந்து சேர்ந்ததுதான். மொசார்ட் 1788இல் எழுதிய 40ஆம் எண் சிம்பொனியை முதலில் கிளாரினெட் இல்லாமல் எழுதி, பிறகு ஓபோவின் பகுதிகளில் பலவற்றைக் கிளாரினெட்டுக்கு மாற்றிக்கொடுத்து இரண்டாவது வடிவம் ஒன்றையும் செய்தார். இரண்டு வடிவங்களும் இன்றும் வாசிக்கப்படுகின்றன. ஒரு பிரிவு உருவாகிக்கொண்டிருப்பதை அப்படியே காட்டும் சான்று என்று நாம் இதைக் கருதுகிறோம்.

கேள்வி: மூன்று டிரம்பெட் போதும் என்கிற இடத்தில் முப்பது வயலின் எதற்கு? சத்தம் போதாது என்பதுதான் காரணமா?

பதில்: பாதிக் காரணம் அதுதான். ஆனால் ஒலியின் கணக்கு நாம் நினைப்பது போல் ஏறுவதில்லை. வாசிப்பவர் எண்ணிக்கை இரட்டித்தால் ஒலி அளவு சுமார் 3 டெசிபெல் மட்டுமே கூடும். ஒருவர் வாசிக்கும் இடத்தில் பதினாறு பேர் வாசித்தால் கிடைப்பது சுமார் 12 டெசிபெல். காதுக்கு இது இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியதாகத் தோன்றுமே தவிர, பதினாறு மடங்காக அன்று. ஒரு டிரம்பெட்காரர் மூச்சை அழுத்தி ஊதினால் அந்த வேறுபாட்டை ஒற்றை ஆளாகவே எட்டிவிடுவார்.

மீதிப் பாதிக் காரணம் ஒலியின் தன்மை. பதினாறு பேர் ஒரே ஸ்வரத்தை வாசிக்கும்போது எவருடைய சுருதியும் மற்றவருடையதோடு மயிரிழை பிசகாமல் பொருந்துவதில்லை. எவருடைய கை நடுக்கமும் ஒரே வேகத்தில் அமைவதில்லை. வில் திரும்பும் கணமும் சற்றே முன்பின்னாக இருக்கும். இந்த மிக நுண்ணிய ஒவ்வாமைகள் சேர்ந்துதான், தனி வயலினில் ஒருபோதும் கிடைக்காத, ஓரங்கள் கரைந்த அந்த விரிந்த ஒலியைத் தருகின்றன. ஆகவே தந்திப் பிரிவில் தனிமனிதர் மறைய வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு தாள் தாங்கி, உள்பக்கம் அமர்ந்திருப்பவர் பக்கத்தைத் திருப்ப வேண்டும், வில்லை மேலே தள்ளுவதா கீழே இழுப்பதா என்பதைப் பிரிவின் தலைவர் தீர்மானித்து எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்றெல்லாம் அங்கே நிலவும் ஒழுங்குகள் இதற்காகவே. காற்றுக் கருவிகளில் நிலைமை தலைகீழ். அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பகுதி, தனித்தாள். இரண்டாம் ஓபோ தவறினால் அந்தத் தவறு ஒருவருக்கே சொந்தம்; எட்டாம் வரிசை வயலின் தவறினால் பக்கத்திலிருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் போகவும் வாய்ப்புண்டு. (இந்த வாக்கியத்துக்காக வயலின் கலைஞர்கள் நம்மை மன்னிப்பார்களாக.)

கேள்வி: இரண்டாம் வயலின் என்பது இரண்டாம் தரம் என்று பொருளா?

பதில்: இல்லை. கருவியும் ஒன்றே, தந்திகளும் அவையே. முதல் வயலின் பெரும்பாலும் மேலே செல்லும் மெட்டை ஏந்துகிறது; இரண்டாம் வயலின் அதற்குக் கீழே இசைவையும், துடிப்பையும், சில நேரங்களில் எதிர்மெட்டையும் தருகிறது. கேட்பவர் கவனிக்காத, ஆனால் நின்றுவிட்டால் உடனே குறை தெரிகிற வேலை அது.

அமரும் இடமும் இந்த மயக்கத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் முதல் வயலின்களும் இரண்டாம் வயலின்களும் மேடையின் இரு ஓரங்களில் எதிரெதிரே அமர்வது பரவலான வழக்கம். அக்கால இசையமைப்பாளர்கள் ஒரு மெட்டை இடப்பக்கமிருந்து வலப்பக்கத்துக்குப் பந்து எறிவது போல எழுதியதெல்லாம் அந்த அமர்வை நம்பித்தான். 20ஆம் நூற்றாண்டில், குறிப்பாக ஃபிலடெல்ஃபியாவில் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி மேடை அமர்வைப் பலவாறு மாற்றிப் பார்த்த காலத்துக்குப் பிறகு, வயலின்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கம் சேர்த்து அமர்த்துவது பல குழுக்களில் வழக்கமாயிற்று. சேர்ந்து வாசிப்பது எளிதாகிறது என்பதும், கருவியின் ஒலித்துளைகள் அவையை நோக்கி அமைகின்றன என்பதும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். அந்த எளிமைக்காகப் பழைய எதிரெதிர் உரையாடலை இழக்க விரும்பாத குழுக்கள் இன்று பழைய அமர்வுக்குத் திரும்பியும் வருகின்றன. நமக்கு அதுவே பிடித்திருக்கிறது.

கேள்வி: வியோலா என்பது பெரிய வயலின்தானே? அதற்கு ஏன் தனிப் பகுதி?

பதில்: பெரிய வயலின்தான், ஆனால் போதிய அளவுக்குப் பெரியது அன்று, அதில்தான் அதன் அழகு இருக்கிறது. வியோலாவின் தந்திகள் வயலினுக்கு ஐந்து ஸ்வரம் கீழே கூட்டப்படுகின்றன. வயலின் உடலின் நீளம் சுமார் 35.5 சென்டிமீட்டர். அதே விகிதப்படி ஐந்து ஸ்வரம் இறங்க வேண்டுமானால் உடல் ஒன்றரை மடங்காகி 53 சென்டிமீட்டரை எட்ட வேண்டும். அதைத் தோளில் வைத்து வாசிக்க மனிதக் கை போதாது. ஆகவே 40 முதல் 43 சென்டிமீட்டர் வரை என்று சமரசம் செய்துகொண்டார்கள். உடல் தன் சுருதிக்குச் சிறியதாக இருப்பதால் கீழ் ஸ்வரங்களுக்கு முழு ஆதரவு கிடைப்பதில்லை. வியோலாவுக்கே உரிய, திரை மூடினாற்போன்ற அந்த மங்கிய குரல் இந்தக் குறையிலிருந்து வருவதுதான்.

தந்திக் குடும்பத்தின் மறுகோடியில் டபுள் பேஸும் இப்படி ஒரு விதிவிலக்கு. மற்ற மூன்றும் ஐந்து ஸ்வர இடைவெளியில் கூட்டப்பட, இது மட்டும் நான்கு ஸ்வர இடைவெளியில் கூட்டப்படுகிறது. பல பேஸ்களின் சரிந்த தோள்கள், வயலினுக்கு முற்பட்ட வேறொரு வில் கருவிக் குடும்பத்தை நினைவூட்டுகின்றன.

கேள்வி: பியானோவிலும் ஹார்ப்பிலும் தந்திகள்தாமே இருக்கின்றன? அவை ஏன் தந்திப் பிரிவில் இல்லை?

பதில்: ஆர்கெஸ்ட்ராவில் ‘தந்திப் பிரிவு’ என்றால் நடைமுறையில் ‘வில் பிரிவு’ என்றே பொருள். மேலே சொன்ன அத்தனை ஒழுங்குகளும் வில்லைச் சுற்றியே அமைந்தவை. விரலால் மீட்டும் ஹார்ப்புக்கும் சுத்தியலால் அடிக்கும் பியானோவுக்கும் அங்கே வேலையில்லை.

வகைப்பாட்டு அறிஞர்களைக் கேட்டால் வேறு விடை வரும். ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் என்ற இருவர் 1914இல் வெளியிட்ட முறை, எது அதிர்கிறது என்பதை மட்டும் பார்த்துக் கருவிகளைப் பிரித்தது: கருவியின் உடலே அதிர்வது, இழுத்துக் கட்டிய தோல் அதிர்வது, தந்தி அதிர்வது, காற்று அதிர்வது. இந்தச் சாக்ஸ் கர்ட் சாக்ஸ், சாக்சஃபோன்காரர் வேறு. கஞ்சக்கருவி, தோற்கருவி, நரம்புக்கருவி, துளைக்கருவி என்ற பிரிவினையை அறிந்த எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது. உண்மையில் அவர்களுக்கு முன்பே பிரஸ்ஸல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகத்தின் பட்டியலைத் தயாரித்த விக்டர் மஹியோன், இந்திய நால்வகைப் பிரிவைத் தழுவித்தான் தம் முறையை அமைத்தார். 1914ஆம் ஆண்டு முறை அவருடையதன் விரிவாக்கம். இந்த முறைப்படி பியானோ ஐயத்துக்கு இடமின்றி நரம்புக்கருவி. ஆனால் மேடையில் அது தாளப் பிரிவின் ஓரமாகவோ ஹார்ப்புக்கு அருகிலோ, செலஸ்டா போன்ற மற்றச் சாவிப்பலகைக் கருவிகளோடு வைக்கப்படும். செலஸ்டாவில் சுத்தியல்கள் அடிப்பது உலோகத் தகடுகளை. வாசிப்பவரோ பியானோ பயின்றவராகவே இருக்க வேண்டும். அதைத் தாளப் பிரிவில் சேர்ப்பதா, சாவிப்பலகையில் சேர்ப்பதா என்று ஆளுக்கொரு விடை சொல்வார்கள்; இரண்டுமே சரி.

ஹார்ப் குறித்து ஒரு வார்த்தை. 47 தந்திகள், ஏழு மிதிகள். ஒவ்வொரு மிதியும் ஒரு ஸ்வரப் பெயருக்குரிய எல்லாத் தந்திகளையும் சேர்த்து அரைச் சுரம் ஏற்றவோ இறக்கவோ செய்யும். 1810இல் செபாஸ்டியன் எரார் நிறைவு செய்த இந்த ஏற்பாட்டில், வாசிப்பவரின் கைகளைப் போலவே கால்களும் ஓயாமல் வேலை செய்கின்றன.

கேள்வி: ஃப்ளூட்டும் கிளாரினெட்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம். ஆனால் கிளாரினெட் வெகு கீழே போகிறது. எப்படி?

பதில்: வந்த கேள்விகளில் நமக்கு மிகவும் பிடித்தது இது. இரண்டும் சுமார் 66 சென்டிமீட்டர் நீளம் உடையவை. ஃப்ளூட்டின் கடைசி ஸ்வரம் ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ். வழக்கமான பி ஃப்ளாட் கிளாரினெட்டின் கடைசி ஸ்வரம் ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயிக்குச் சற்றுக் குறைவான இறக்கம்.

காரணம் குழலின் முனைகளில் இருக்கிறது. ஃப்ளூட்டில் ஊதும் துளை திறந்தே இருப்பதால் காற்றுக்கு இரு முனைகளும் திறந்தவை. அதற்குள் அரை அலை அடங்கும். கிளாரினெட்டில் நாணல் தகடு ஒரு முனையை அடைத்துவிடுவதால் கால் அலைதான் அடங்கும். ஆகவே அதே நீளத்தில் அலை இரட்டிப்பு நீளமாகி, சுருதி இறங்குகிறது. அத்துடன், ஒரு முனை அடைபட்ட உருளைக் குழலில் அடிப்படை அதிர்வின் ஒற்றைப்படை மடங்குகளே வலுவாக ஒலிக்கும். கிளாரினெட்டின் கீழ்க்குரலில் இருக்கும் அந்த உள்கூடான, மரப்பெட்டிக்குள்ளிருந்து வருவது போன்ற நிறத்துக்கு இதுவே காரணம். மேலே தாவும்போது ஃப்ளூட் ஒரு ஸ்தாயி தாவ, கிளாரினெட் ஒரு ஸ்தாயியும் ஐந்து ஸ்வரமும் சேர்த்துத் தாவுகிறது. கிளாரினெட் பயில்பவர்கள் மேல் ஸ்தாயிக்கு வேறு விரலமைப்பைக் கற்கவேண்டி வருவது அதனால்தான்.

உடனே நீங்கள் கேட்பீர்கள்: ஓபோவிலும் சீவாளி ஒரு முனையை அடைக்கிறதே, அது ஏன் அப்படி இறங்குவதில்லை? ஓபோவின் உட்புறம் உருளை அன்று, மெல்ல விரிந்து செல்லும் கூம்பு. ஒரு முனை மூடிய கூம்பு, இரு முனையும் திறந்த உருளையைப் போலவே நடந்துகொள்ளும் என்பது ஒலியியலின் வியப்புகளில் ஒன்று. ஆகவே அதே அளவு நீளமுள்ள ஓபோ ஃப்ளூட்டுக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. அதன் கடைசி ஸ்வரம் 233 ஹெர்ட்ஸ். சாக்சஃபோனும் கூம்புதான். ஒரே நாணல் தகட்டைக் கொண்டிருந்தும் கிளாரினெட்டும் சாக்சஃபோனும் காதுக்கு அவ்வளவு வேறாகக் கேட்பது இதனால்தான்.

கேள்வி: கச்சேரி தொடங்குமுன் ஓபோதான் சுருதி கொடுக்கிறது. அந்த உரிமை அதற்கு எப்படி வந்தது?

பதில்: ஓபோவின் குரல் கூரியது, அறுபது வில்களின் இரைச்சலிலும் தனித்துக் கேட்கும். இன்னொரு காரணம் அதன் பிடிவாதம். மற்றக் கருவிகளில் குழாயை நீட்டியும் தந்தியை முறுக்கியும் சுருதியை எளிதில் சரிசெய்யலாம். ஓபோவின் சுருதி பெருமளவு சீவாளியின் வெட்டைப் பொறுத்தது, மேடையில் அமர்ந்த பிறகு மாற்றுவதற்கு அதிக இடமில்லை. மாறாதவருக்கு மற்றவர்கள் இணங்குவது உலக வழக்கந்தானே. ஓபோ கலைஞர்கள் பலர் தங்கள் சீவாளியைத் தாங்களே சீவிக்கொள்கிறார்கள். வாசிக்கும் நேரத்தைவிடச் சீவும் நேரமே அதிகம் என்ற புலம்பல் அவர்களிடையே உண்டு.

கொடுக்கப்படும் ஸ்வரத்தின் பெயர் ‘ஏ’ (A). 1859இல் பிரான்ஸ் அதை 435 ஹெர்ட்ஸ் என்று சட்டமாக்கியது. 1939இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு 440 என்றது. ஆனால் ஐரோப்பியக் குழுக்கள் பல 442, 443 என்று சற்றே ஏற்றி வைக்கின்றன. பழங்காலக் கருவிகளில் பரோக் இசை வாசிப்பவர்கள் பெரும்பாலும் 415ஐக் கொள்கின்றனர்.

கேள்வி: கார் ஆங்கிலே என்றால் ‘ஆங்கிலக் கொம்பு’ என்று அகராதி சொல்கிறது. அது பித்தளைப் பிரிவுதானே?

பதில்: அது ஆங்கிலேயருடையதும் அன்று, கொம்பும் அன்று. ஓபோவின் அக்காள், ஐந்து ஸ்வரம் கீழே பேசும், அதே சீவாளி முறைக் கருவி.

கேள்வி: பித்தளைப் பிரிவைச் சேர்ந்த ஹார்ன், மரக்காற்று ஐவர் குழுவில் எப்படி இடம்பெறுகிறது?

பதில்: ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பசூன் ஆகியவற்றோடு ஹார்னும் சேர்ந்ததுதான் அந்த ஐவர் குழு, பெயர் மட்டும் மரக்காற்று. வேலைப் பங்கீடு இயற்பியலை வெல்லும் இடம் இது. ஹார்ன் உதடு அதிரும் கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் சுருள் குழாய் ஏறத்தாழ 3.7 மீட்டர் நீளமும், மணி போல விரிந்த முனையின் வாய் பின்நோக்கியும், உள்ளே வாசிப்பவரின் கையும் இருப்பதால் ஒலி நேரே பாயாமல் சுவரில் பட்டு வட்டமாகத் திரும்புகிறது. மென்மையாக ஊதினால் கிளாரினெட்டுக்கும் பசூனுக்கும் இடையே ஓசையின்றி ஒட்டிக்கொள்ளும். அழுத்தி ஊதினால் டிராம்போன்களோடு தோளோடு தோள் நிற்கும். இசையமைப்பாளர்கள் இதை இரு பிரிவுகளுக்கும் இடைப்பட்ட பசையாகவே நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்தனர். முழு இசைப்பிரதியிலும் மரக்காற்று வரிகள் முடிந்தவுடன், டிரம்பெட்டுக்கு மேலே, ஹார்னின் வரிதான் வரும்.

1810களில் ஜெர்மனியில் ஸ்டோல்சல், ப்ளூமல் என்ற இருவர், குழாயின் நீளத்தை நொடியில் மாற்றும் வால்வைக் கண்டுபிடிக்கும் வரை ஹார்னால் இயற்கை மேற்சுரங்களைத்தான் திடமாக வாசிக்க முடிந்தது. இடையிலுள்ளவற்றை மணிக்குள் கையைத் திணித்தும் தளர்த்தியும் பெற்றார்கள். அக்காலத்தில் ஹார்ன்காரர்கள் மேல்குரலுக்கு ஒருவர், கீழ்க்குரலுக்கு ஒருவர் என்று இணைகளாகப் பயின்றனர். வால்வு வந்து இருநூறு ஆண்டுகள் ஆன பின்பும் முதலாமவரும் மூன்றாமவரும் மேலே, இரண்டாமவரும் நான்காமவரும் கீழே என்ற அந்தப் பங்கீடு அப்படியே நிற்கிறது.

கேள்வி: டிம்பனி தாளக் கருவி. ஆனால் அதை வாசிப்பவர் பல மேடைகளில் டிரம்பெட்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறாரே?

பதில்: அவர்கள் குதிரை மேல் ஏறிய காலத்து நட்பு அது. ஐரோப்பிய அரசுகளின் குதிரைப்படைகளில் எக்காளமும் இணை முரசும் சேர்ந்தே சென்றன. புனித ரோமப் பேரரசில் இவர்களுக்கென்று 1623இல் பேரரசரின் தனியுரிமைச் சாசனம் இருந்தது. எக்காளம் ஊதுபவர்களும் முரசு அறைபவர்களும் ஒரே சங்கம், மற்ற இசைக்கலைஞர்கள் அதற்குள் நுழைய முடியாது. ஆர்கெஸ்ட்ராவுக்குள் வந்தபோதும் இவர்கள் இணையாகவே வந்தனர். ஹைடன், மொசார்ட் காலத்துச் சிம்பொனிகளில் டிரம்பெட் இல்லையென்றால் பெரும்பாலும் டிம்பனியும் இராது. இரண்டு முரசுகள் ஆதார ஸ்வரத்துக்கும் அதன் ஐந்தாம் ஸ்வரத்துக்கும் கூட்டப்பட்டு, டிரம்பெட்டின் அடித்தளமாக முழங்கின.

அந்த இணைப்பை அவிழ்த்தவர் பேத்தோவன் என்று சொல்லலாம். 1806இல் எழுதிய வயலின் கன்செர்ட்டோவை டிம்பனியின் தனித்த, மென்மையான தட்டல்களோடு தொடங்கினார். டிரம்பெட் அப்போது வாய் திறக்கவில்லை. 1824இல் முதன்முதலாக வாசிக்கப்பட்ட ஒன்பதாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியில் இரு முரசுகளையும் ஒரே ஸ்வரத்தின் இரண்டு ஸ்தாயிகளுக்குக் கூட்டி, தந்திகளுக்கு நடுவே தனியே குறுக்கிடச் செய்தார். மிதியால் சுருதி மாற்றும் டிம்பனி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த பிறகு அது தன்னிச்சையான கருவியாகிவிட்டது. இருந்தும் இசைப்பிரதியில் அதற்குத் தனி வரி, மேடையில் தனி ஆள்; டிம்பனிக்காரரிடம் போய் “டிரையாங்கிளையும் சேர்த்து வாசித்துவிடுங்கள்” என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

கேள்வி: டியூபா, சிம்பல் வாசிப்பவர்கள் கச்சேரியில் பெரும்பகுதி நேரம் சும்மா அமர்ந்திருக்கிறார்களே, அவர்களுக்குச் சலிப்பு வராதா?

பதில்: சும்மா அமர்ந்திருப்பது போலத் தெரிகிறது, அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். த்வோர்ஜாக் 1893இல் முடித்த ‘புதிய உலகம்’ சிம்பொனியைப் பாருங்கள். முக்கால் மணி நேரத்தை நெருங்கும் அந்தப் படைப்பில் டியூபாவுக்கு இரண்டாம் பகுதியில் மட்டுமே வேலை, மொத்தம் 14 ஸ்வரங்கள். அவையும் பேஸ் டிராம்போன் வாசிக்கும் அதே ஸ்வரங்கள்தாம். சிம்பலுக்கு இறுதிப் பகுதியில் ஒரே ஒரு தட்டல், அதுவும் மெல்ல. பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் டிராம்போன்கள் மூன்று பகுதிகள் முழுக்கக் காத்திருந்து நான்காவதில்தான் வாயெடுக்கின்றன. டிராம்போனைச் சிம்பொனிக்குள் முதலில் கொண்டுவந்தது 1808ஆம் ஆண்டின் இந்தப் படைப்பே என்று பலர் எழுதுவது சரியன்று. எக்கர்ட் என்ற ஸ்வீடன் நாட்டு இசையமைப்பாளர் 1807இலேயே அதைச் செய்திருக்கிறார். ஆனால் அந்தக் காத்திருப்பின் பயன் பேத்தோவனிடம்தான் தெரிகிறது. தொடக்கத்திலிருந்தே ஒலித்திருந்தால் இறுதிப் பகுதி திறக்கும்போது காது அப்படித் திடுக்கிடாது.

வாசிப்பவருக்கு இது சலிப்பைவிட அச்சமாகவே இருக்கும் என்று நினைக்கிறோம். நெடுநேரம் ஊதாத பித்தளை குளிர்ந்துவிடும், குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும், உதடுகளும் விறைத்திருக்கும். அந்த நிலையில், மிக மெதுவான, மிக மென்மையான ஸ்வரக்கூட்டு ஒன்றின் அடித்தளத்தை முதல் மூச்சிலேயே பிசகாமல் வைக்க வேண்டும். முதல் பகுதி முடிவதற்குள் டியூபாக்காரர் கருவியை மடியில் எடுத்து, ஓசை எழாதபடி குழாய்க்குள் வெதுவெதுப்பான மூச்சை விட்டுக்கொண்டிருப்பதை அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.